துறை இணையதளத்துக்குத் தனித் தேடல் வசதி தேவையா? பல்கலைக்கழகத்தின் பொதுத் தேடலே போதாதா?

தேவைதான். ஆனால் தேடல் பெட்டியை வைத்துவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு வரலாற்றுத் துறையின் தளத்தைக் கவனித்துக்கொள்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 342 பேரோடு ட்ரூரோ கப்பல் இங்கே வந்து சேர்ந்தது. 1911 வரை இந்தியாவிலிருந்து அப்படி வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் 1,52,184 பேர். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பிலிருந்த தழும்புகூட உண்டு. கொள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடுகிறவர்கள்தான் எங்கள் தளத்துக்கு அதிகம் வருகிறார்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஒரு ஆயா பேத்தியோடு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பேத்தி 'படையாச்சி' என்று தங்கள் வீட்டு வழக்கப்படி ஆங்கிலத்தில் இரண்டு 'ஈ' போட்டுத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. "நம்ம பேரே இல்ல ஆயா" என்றாள். "இருக்கும், நல்லா பாரு கண்ணு" என்றார் ஆயா. இருந்தது. பட்டியலில் பெயரின் கடைசியில் 'ஒய்' போட்டு எழுதியிருந்தார்கள், அவ்வளவுதான். ஓர் எழுத்துக்காக ஒரு குடும்பம் வெறுங்கையோடு திரும்பியிருக்கும். எனக்கு அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

பொதுத் தேடலுக்கு இதெல்லாம் தெரியாது. முதலி, மூட்லி, மூடலி எல்லாம் ஒரே பெயர் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாங்கள் சோலர் என்ற இலவசத் தேடல் மென்பொருளைப் போட்டோம். அதில் ஒத்த சொற்களுக்கென்று ஒரு கோப்பு உண்டு; ஒரு பெயரின் எல்லா எழுத்து வடிவங்களையும் ஒரே வரியில் எழுதிவிடலாம். அந்தக் கோப்பை நிரப்பத்தான் நாள் பிடித்தது. கோயில் கமிட்டிப் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுச் சேர்த்தோம்.

தமிழிலும் தேடுவார்கள் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். 'தொழிலாளர்' என்பதில் உள்ள 'தொ'வின் கொம்பையும் காலையும், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. பக்கங்களையும் தேடும் சொல்லையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும்.

அப்புறம், ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம்தான், அதிலுள்ள எழுத்து தேடலில் அகப்படாது. அச்சு எழுத்தாக இருந்தால், படத்திலுள்ள எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருள் தமிழையும் ஓரளவு வாசித்துக் கொடுக்கும். பழைய கையெழுத்துப் பக்கங்களை ஆள் வைத்துத்தான் தட்டச்ச வேண்டும்.

உங்கள் தளம் சின்னது, பாடத்திட்டமும் ஆசிரியர் பட்டியலும் மட்டும்தான் என்றால் சோலர் வேண்டாம். பேஜ்ஃபைண்ட் என்ற எளிய தேடல் கருவி போதும், தனி சர்வர்கூட வேண்டியதில்லை. கூகுளின் தேடல் பெட்டியையும் வைக்கலாம். ஆனால் கூகுள் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்ட பக்கங்கள்தான் அதில் வரும், உள்நுழைந்து பார்க்கும் பக்கங்கள் வராது.

எதைப் போட்டாலும், மக்கள் என்ன தட்டினார்கள், எதற்கு விடை வரவில்லை என்று பதிவாகும்படி செய்யுங்கள். வாரம் ஒருமுறை அதை வாசியுங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்று காட்டும் பக்கத்தில் துறை அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். எங்கள் தளத்தில் அதைப் பார்த்துக் கூப்பிடுகிறவர்கள் சொல்லும் பெயர்கள்தான் இப்போது அந்தக் கோப்பில் புதிது புதிதாக ஏறிக்கொண்டிருக்கின்றன.