ஐந்தே முக்கால் அடி நண்பனை மூன்றரை அடியாகக் காட்ட செல்போன் போதுமா?

குறும்படத்தில் ஒரு குள்ள மனிதன் வருகிறான், நண்பனையே நடிக்க வைக்க ஆசை, கிராஃபிக்ஸுக்குக் காசில்லை, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் செய்ததை செல்போனில் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக முடியும். 2001-ல் வந்த முதல் பாகத்தில் மந்திரவாதி காண்டால்ஃபும் குள்ளமான ஃப்ரோடோவும் குதிரை வண்டியில் ஒட்டி உட்கார்ந்து வருவார்களே, உண்மையில் அவர்கள் ஒட்டி உட்காரவே இல்லை. இருக்கையையே அதற்கென்று செய்து, ஃப்ரோடோவாக நடித்த எலைஜா வுட்டை, காண்டால்ஃபாக நடித்த இயன் மெக்கல்லனுக்குப் பின்னால் தள்ளி உட்கார வைத்தார்கள். கேமராவுக்கு ஒற்றைக் கண்தானே, தள்ளி இருப்பவன் அதற்குச் சின்னவன்.

கணக்கு எளிது. லென்ஸிலிருந்து 6 அடியில் பெரியவராகத் தெரிய வேண்டியவர், 10 அடியில் நண்பர் என்றால், நண்பர் பத்தில் ஆறு பங்குதான் தெரிவார். ஆனால் கேமராவைக் கண் உயரத்தில் வைத்தால் இரண்டு தலையும் ஒரே மட்டத்தில் நின்று, அவர் தூரத்தில் இருப்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். அதனால் முதல் முயற்சிக்கு மேசையில் உட்கார்ந்து பேசும் காட்சியாக வைத்துக்கொண்டு, லென்ஸை மேசை மட்டத்துக்கு இறக்கிவிடுங்கள், பின்னால் இருப்பவரின் தலை தானாகத் தாழும், கால்களும் மறையும்.

ஃப்ரோடோ வீட்டில் டீ குடிக்கும் காட்சியில் மேசையே இரண்டு துண்டு. கேமரா நகரும்போது குட்டு உடையாமல் இருக்க நடிகரையும் சேர்த்து நகர்த்தும் மேடை வைத்திருந்தார்கள். அந்த வம்பு நமக்கு வேண்டாம், ட்ரைபாட் போட்டு அசையாமல் எடுங்கள். நீங்களும் ஆளுக்கொரு மேசை போட்டு, அவை சேரும் இடத்தைக் கூஜா, தட்டு வைத்து மறையுங்கள். பெரியவர் கையில் சின்ன டம்ளர், நண்பர் கையில் பெரிய டம்ளர்.

பின்னால் இருப்பதை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோட் கூடாது, இருவரும் ஒரே அளவு கூர்மையாகத் தெரிய வேண்டும். திரையில் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். வீட்டு பல்பை நம்பினால் பின்னால் இருப்பவர் இருட்டாகிவிடுவார், மேகமூட்டமான பகலில் வெளியே எடுப்பது நல்லது.

சரி, பெரும்பாலான ஆட்கள் சொதப்புவது பார்வையில். இருவரும் நிஜமாகவே ஒருவரையொருவர் பார்த்தால் பெரியவர் பின்பக்கம் திரும்ப வேண்டியிருக்கும், மாயம் அங்கேயே போச்சு. ஆளுக்கொரு குச்சியைத் தன் பக்கவாட்டில் நட்டு, அதைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். கொஞ்சம் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், ஒத்திகை பார்த்தால் பழகிவிடும்.

கட்டிப்பிடிப்பது, கைகொடுப்பது எல்லாம் இந்த வழியில் ஆகாது. அந்தப் படத்தில் அப்படிப்பட்ட இடங்களில் ஃப்ரோடோவுக்கு மாற்றாக நாலடியைக் கொஞ்சம் தாண்டிய கிரண் ஷா நடித்தார். உங்களுக்கு, நண்பரின் சட்டையைப் போலவே சின்னதாக ஒன்றைத் தைத்து மூன்றரை அடி உயரமுள்ள ஒரு பையனுக்குப் போட்டு, முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் போதும்.