எச்.ஐ.வி.க்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 41. தாம்பரம் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வருகிறேன். என் மனைவிக்குத் தொற்று இல்லை. புற்றுநோய்க்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையால் எச்.ஐ.வி. குணமானதாகப் படித்தேன். சென்னையில் நானும் அதைச் செய்துகொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பெரம்பூர்.

பதில்: நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அந்தச் சிகிச்சை உங்களுக்கு வேண்டாம். பெர்லினில் 2007-லும் 2008-லும் எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலில் குணமானவரான திமோத்தி ரே பிரவுனுக்கு, ரத்த செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களைச் செலுத்தியது அவருடைய ரத்தப் புற்றுநோய்க்காகத்தான். மருத்துவர் கெரோ ஹ்யூட்டர், செல்களின் மேல் சிசிஆர்5 என்னும் புரதம் இல்லாத ஒருவரைக் கொடையாளராகத் தேடிப் பிடித்தார், பெரும்பாலான எச்.ஐ.வி. வைரஸ்கள் செல்லுக்குள் நுழைய அந்தப் புரதம் தேவை என்பதால், புதிதாக உருவான ரத்த செல்களை அவற்றால் தொற்ற இயலவில்லை. இத்தகைய கொடையாளர்கள் வட ஐரோப்பியரிடையேகூட நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில்தான் இருக்கிறார்கள். நம் நாட்டில் மிக அரிது. கடுமையான தொற்றுகளும், கொடையாளரின் செல்கள் நோயாளியின் உடலையே தாக்குவதும் இச்சிகிச்சையில் உயிரைப் பறிக்கக்கூடும். புற்றுநோய் முற்றியவர் வேறு வழியின்றி ஏற்கும் இந்த ஆபத்தை, மாத்திரையில் நலமாக இருக்கும் நீங்கள் ஏற்பது நியாயமில்லை. பிரவுன் 2020-இல் இறந்ததும் திரும்பி வந்த புற்றுநோயால்தான், எச்.ஐ.வி.யால் அல்ல.

பரிசோதனை அறிக்கையில் வைரஸ் 'கண்டறியப்படவில்லை' என்று வருவதன் பொருளையும் புற்றுநோய் மருத்துவத்திலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். ரத்தப் பரிசோதனை சீரான பிறகும், எஞ்சிய சில செல்களிலிருந்து லுகேமியா என்னும் ரத்தப் புற்றுநோய் மீண்டும் தலைதூக்குவதுண்டு. எச்.ஐ.வி.யும், நீண்ட காலம் வாழும் நோய் எதிர்ப்பு செல்களான நினைவு டி செல்களின் மரபணுவுக்குள் தன் மரபணுவைச் செருகிவிட்டு உறங்குகிறது. வைரஸ் பெருகுவதை மட்டுமே தடுக்கும் மாத்திரைகள் அந்தச் செல்களை ஒன்றும் செய்வதில்லை. ஆகவேதான் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலேயே வைரஸ் திரும்பிவிடுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தைக்கு, மருந்தை நிறுத்திய பிறகும் 27 மாதங்கள் தென்படாமலிருந்த வைரஸ், 2014-இல் மீண்டும் தென்பட்டது. உறங்கும் செல்களை எழுப்பி அழிக்கும் நோக்கில் வோரினோஸ்டாட் என்ற புற்றுநோய் மருந்து சோதிக்கப்பட்டபோது, செல்கள் விழித்தனவே தவிர, குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. (எச்.ஐ.வி.க்கு முதலில் ஒப்புதல் பெற்ற ஏ.இசட்.டி.யே 1964-இல் புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்பட்டுக் கைவிடப்பட்ட மருந்து என்பதால், இந்த வழியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.)

ஆராய்ச்சிக்காக மருந்தை நிறுத்துபவர்களுக்கு வைரஸ் அளவை அடிக்கடி பரிசோதிப்பார்கள். நீங்களாகவே வீட்டில் நிறுத்தினால் அது பெருகுவது வெளியே தெரியாது. 'பூரண குணம்' என்று சுவரொட்டி ஒட்டுபவர்களிடமும் போகாதீர்கள். மாத்திரையை விடாமல் எடுத்து, வைரஸ் தென்படாத நிலை நீடிக்கும்வரை உடலுறவின் மூலம் உங்கள் மனைவிக்குத் தொற்று பரவாது. அதை உறுதிசெய்யும் பரிசோதனையை மையத்தில் சொல்லும் தேதியில் தவறாமல் செய்துகொள்ளுங்கள்.