வினைமுற்று வரை மூச்சு வேண்டும்

வணக்கம். மேடையில் நான் பேசுவது தெளிவாக இல்லை என்கிறார்கள். ழகரம்தான் குறை என்று நினைத்து, ‘ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல்’ வாக்கியத்தை வேகவேகமாகச் சொல்லிப் பழகினேன். பென்சிலைக் கடித்துக்கொண்டும் வாசித்துப் பார்த்தேன். பலன் இல்லை. என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ழகரத்தை முதலில் முடித்துவிடுவோம். நுனிநாக்கை மேலே வளைத்து அண்ணத்துக்கு அருகில் நிறுத்துங்கள். ஒட்டினால் ளகரமாகிவிடும். ‘ழ்ழ்ழ்’ என்று 3 விநாடி இழுத்துவிட்டு, அலை–அளை–அழை, தலை–தளை–தழை என நிதானமாகச் சொல்லுங்கள். நாக்குக்கு இடம் பழகுமுன் வேகம் கூட்டினால் தவறுதான் படியும். பென்சில் வேண்டாம், தாடையைப் பூட்டிவிட்டால் ‘ஆ’ என்ற ஒலிக்கு வாய் எப்படித் திறக்கும்?

ஆனால் உங்கள் குறை ழகரமாக இருக்காது என்றே நினைக்கிறேன். ‘வாளைப்பழம்’ என்றாலும் கேட்பவருக்கு விளங்கிவிடும். கடைசிச் சொல்லை விழுங்கினால்தான் விளங்காது. தமிழில் வினைமுற்று, அதாவது வாக்கியத்தை முடிக்கும் வினைச்சொல், கடைசியில் வருகிறது. செய்தது யார், எப்போது, உண்டா இல்லையா என்பதெல்லாம் அதன் வாலில்தான் இருக்கிறது. ‘இன்று பணம் செலுத்த முடி…’ என்று குரல் தேய்ந்தால் முடியுமா, முடியாதா?

தேய்வதற்குக் காரணம் இரண்டு. தொடக்கத்திலேயே மூச்சைச் செலவழித்துவிடுகிறோம். அடுத்த வரியைப் பார்க்கத் தலை குனிகிறது. குரல் தாளுக்குள் போய்விடுகிறது. எழுதிய உரையில் மூச்சு வாங்கும் இடங்களில் கோடு போடுங்கள். வினைக்கு முந்தைய தொடரிலேயே ஒரு கோடு இருக்கட்டும். வினைமுற்றைச் சொல்லி முடித்த பிறகே கண் தாளுக்குப் போகட்டும்.

பயிற்சியைப் பின்னாலிருந்து தொடங்குங்கள்: ‘வரவில்லை’. ‘மழை வரவில்லை’. ‘எதிர்பார்த்த மழை வரவில்லை’. ஒவ்வொரு முறையும் ‘வரவில்லை’ அதே அழுத்தத்தில் ஒலிக்க வேண்டும். தினமும் 10 நிமிடம் போதும். கைபேசியைப் பத்தடி தள்ளி வைத்துப் பதிவு செய்து, கடைசிச் சொற்களை மட்டும் கேளுங்கள்.

இதில் ஒரு சறுக்கல் உண்டு. கடைசிச் சொல் கேட்க வேண்டுமென்று ‘முடியாதூ’ என இழுப்பார்கள். அந்த ‘து’ குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கும் உகரம். அதன் ஒலி அளவு அரை மாத்திரைதான். அழுத்தம் ‘யா’வில் விழட்டும், நெடில், அதற்கு 2 மாத்திரை உண்டு.

பிறகு ‘முடியும்’, ‘முடியாது’ கலந்து 10 வாக்கியம் எழுதி வாசியுங்கள். தோழி ஒருவர் அறையின் மறுமூலையில் திரும்பி உட்கார்ந்து, கடைசிச் சொல்லை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். எந்த வாக்கியத்தில் அவர் தவறுகிறாரோ, அதில் மூச்சுக்கோட்டை வினைமுற்றுக்கு இன்னும் ஒரு சொல் நெருக்கமாகத் தள்ளிப் போட்டு மறுபடி வாசியுங்கள்.