பாதியில் நின்ற சுவர் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பொம்பேயின் சுவரோவியங்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்த வேகத்தில் நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகம் எடுத்து வந்தேன். முதல் அத்தியாயத்திலேயே ‘நான்கு பாணிகள்’ வந்து மிரட்டிவிட்டன. இன்று மனப்பாடம் செய்தால் நாளைக்கு மறந்துபோகிறது. வங்கியில் வேலை பார்க்கிற, ஓவியம் படிக்காத என் போன்றவர் எங்கே தொடங்குவது?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

மனப்பாடம் எதற்கு? அந்த நான்கும் ரோமானியர் வகுத்தவை அல்ல. ஆகஸ்ட் மௌ என்ற ஜெர்மானிய அறிஞர் பொம்பேய் சுவர்களைக் காலவரிசைப்படுத்த 1882இல் வெளியிட்ட பாகுபாடு. பயனுள்ளதுதான், ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சுண்ணாம்பிலிருந்து தொடங்குங்கள்.

ஈரக் காரையின்மேல் தண்ணீரில் குழைத்த நிறத்தைத் தீட்டுகிறார்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து இறுகும்போது நிறத்தையும் தன்னோடு சேர்த்துக் கல்லாக்கிவிடுகிறது. பசை வேண்டாம். ஆனால் காய்வதற்குள் தீட்டி முடிக்க வேண்டும். அதனால் சுவரை மேலிருந்து கீழாக, பகுதி பகுதியாகப் பூசி வரைந்தார்கள்.

பொம்பேயில் ‘வேலையிலிருந்த ஓவியர்களின் வீடு’ என்றே பெயர் பெற்ற ஒரு வீடு உண்டு. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. மேற்பகுதி முடிந்துவிட்டது. நடுவில் படம் வர வேண்டிய இடத்தில் மஞ்சள் காவிக் கோடுகள் மட்டும். வண்ணக் கிண்ணங்களைப் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள். முடிந்த ஓவியங்கள் நூறு பார்ப்பதைவிட எனக்கு இந்த அரைகுறைச் சுவர் அதிகம் சொல்லிக்கொடுத்தது.

எங்கள் வீட்டுப் பூச்சுவேலைக்கு வந்த மேஸ்திரியிடம் ஒருமுறை ரோமானியச் சுவர் ஒன்றின் படத்தைக் காட்டினேன். அதிலிருந்த தேவதையை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. குறுக்கே ஓடிய மெல்லிய கோட்டில் விரலை வைத்து, “இங்கதான் சார் சாரத்தை இறக்கியிருக்கான்” என்றார். சரியாகச் சொன்னார். கீழ்ப்பூச்சின் விளிம்பு மேல்பூச்சின்மீது லேசாக ஏறியிருக்கும் அந்த இடத்தைத் தேடிப் பழகுங்கள்.

புகழ்பெற்ற பொம்பேய்ச் சிவப்பையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். அதில் ஒரு பகுதி முதலில் மஞ்சளாக இருந்தது, எரிமலையின் சூட்டில்தான் சிவந்தது என்று 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். மஞ்சள் காவியைச் சுட்டால் செங்காவி ஆகும், பழைய சங்கதிதான்.

பாணிகளைப் பற்றிய அத்தியாயத்தைத் தாண்டிவிட்டு, விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர் எழுதிய கட்டடக்கலை நூலின் ஏழாம் புத்தகத்தை முதலில் படியுங்கள். மணல் கலந்த பூச்சு மூன்று, பளிங்குப்பொடி கலந்தது மூன்று என்று கறாராகக் கணக்குச் சொல்லும் மனிதர், நடுவில் வம்பும் பேசுவார். ஃபேபெரியஸ் என்ற எழுத்தர் ரோம் நகரின் அவெண்டைன் குன்றிலிருந்த தன் வீட்டு முற்றத்தைச் சுற்றிலும் ஆசை ஆசையாகச் சாதிலிங்கச் சிவப்பைப் பூசினாராம். விலை உயர்ந்த நிறம், ஆனால் வெயில் பட்டால் கறுக்கும். முப்பதே நாளில் சுவரெல்லாம் திட்டுத்திட்டாகிவிட, வேறு நிறம் அடிக்க மறுபடி ஆளைக் கூப்பிட்டுக் கூலி பேசியிருக்கிறார்.