கேள்வி – பதில்: அந்தக் கைரேகை யாருடையது?

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிறேன். மேப்பில் ஒரே உயரத்தில் இருக்கிற இடங்களைச் சேர்த்து வரைகிற சமஉயரக் கோடுகள் பாடம் வந்தாலே பாதி வகுப்பு தூங்கிவிடுகிறது. பார்த்துப் பார்த்து போர்டில் ஒரு மலையை வரைந்தேன், ஒரு பையன் எழுந்து “இது யாரோட கைரேகை டீச்சர்?” என்றான். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எப்படித்தான் புரியவைப்பது?

பதில்: கோபப்படாதீர்கள், அந்தப் பையன் உங்களுக்குப் பாடத்தையே எடுத்துக் கொடுத்திருக்கிறான். எல்லோரையும் ஒரு கையை இறுக்கி மூடச் சொல்லுங்கள். மேலே துருத்திக்கொண்டு நிற்கும் விரல் மொளிகள்தான் மலை உச்சிகள். ஒவ்வொரு மொளியின் உச்சியைச் சுற்றியும் பேனாவால் ஒரு சின்ன வட்டம், அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று, இன்னும் கீழே இறங்கினால் இரண்டு மொளிகளையும் சேர்த்தே வளைத்துக்கொண்டு வருகிற ஒரு கோடு. கோடு எங்கேயும் ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, ஒரே மட்டத்தில் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. வரைந்து முடித்ததும் கையை விரித்து மேசைமேல் வைக்கச் சொல்லுங்கள். மலை போய்விடும், கோடுகள் மட்டும் இருக்கும். நீங்கள் போர்டில் வரைந்தது அதைத்தான்.

மறுநாள் களிமண். ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சரிவாகவும் ஒரு குன்று பிடித்து, உள்ளே தெரிகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து, பெட்டியின் பக்கவாட்டில் ஸ்கேலை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு சென்டிமீட்டராகத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, தண்ணீர் தொடுகிற விளிம்பில் குச்சியால் கீறிக்கொண்டே வர வேண்டும். தண்ணீரை வடித்துவிட்டு நேர் மேலே இருந்து பார்த்தால் செங்குத்தான பக்கம் கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும், சரிவான பக்கம் விலகி விலகிப் போகும். ஆனால் ஒன்று, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னாலேயே கோடுகள் எந்தப் பக்கம் நெருங்கும் என்று எல்லோரையும் நோட்டில் எழுதவைத்துவிடுங்கள். கோடு நெருக்கமாக இருந்தால் உயரம் அதிகம் என்று நினைக்கிற பிள்ளைகள் எப்போதும் உண்டு. தான் எழுதியது தப்பென்று கண்ணெதிரே பார்க்கிற பிள்ளைக்கு அது மறக்காது. இதற்கு ஒரு முழு பீரியட் போய்விடும், போகட்டும்.

கேள்வி: பத்தாம் வகுப்பு மாணவி நான். கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்று எழுதினேன், சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள். புத்தகத்தில் படமே அப்படித்தானே இருக்கிறது?

பதில்: உங்கள் மேல் தப்பில்லை, படத்தின் மேல்தான் தப்பு. சுற்றுப்பாதையைச் சாய்வாகப் பார்க்கிற மாதிரி வரைவதால் அது நசுங்கிய முட்டை போலத் தெரிகிறது. ஒரு கோடி கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து நீங்களே வரைந்து பாருங்கள்: பூமி மிக அருகில் வரும்போது 14.7 சென்டிமீட்டர், மிகத் தள்ளிப் போகும்போது 15.2. அரை சென்டிமீட்டர்தான் வித்தியாசம், பார்த்தால் வட்டம் என்றுதான் சொல்வீர்கள். அதுவும் அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில், வட அரைக்கோளம் குளிரில் இருக்கும்போது! தூரம்தான் காரணம் என்றால் வடக்கே குளிரும்போது தெற்கே மட்டும் எப்படிக் கோடை வரும்? காரணம் 23.5 டிகிரி அச்சுச் சாய்வு. டார்ச்சை ஒரு தாள் மேல் நேராக அடித்து வெளிச்சத்தைச் சுற்றி கோடு போடுங்கள், அப்புறம் அதே உயரத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். அதே வெளிச்சம் அதிக இடத்தில் பரவி மங்கிவிடும். குளிர்காலத்து வெயில் அப்படித்தான் விழுகிறது. போதாததற்குப் பகலும் குறைவு.

கேள்வி: என் மகள் எல்லா நாட்டுத் தலைநகரமும் ஒப்பிக்கிறாள். போனிலேயே மேப் இருக்கும்போது இதைப் படித்து என்ன ஆகப் போகிறது?

பதில்: ஒப்பிப்பதோடு நின்றுவிட்டால் நீங்கள் சொல்வது சரிதான். நாலு பெயர் தெரிந்திருக்கத்தான் வேண்டும், அது வாய்ப்பாடு மாதிரி. ஆனால் ‘ஏன் அங்கே?’ என்று கேட்கிற இடத்தில்தான் பாடமே ஆரம்பிக்கிறது. 1854-இல் லண்டனில் சோஹோ பகுதியில் காலரா வந்து சில நாட்களில் 500 பேருக்கு மேல் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் எந்தெந்த வீட்டில் சாவு என்று தெருப் படத்தில் குறித்தார், குறிகள் பிராட் தெருவில் இருந்த ஒரு தண்ணீர் பம்பைச் சுற்றிக் குவிந்தன. இதை நான் சொல்லிக்கொடுக்கும்போது குறி அதிகமாக இருக்கிற இடத்தை விட, இல்லாத இடத்தைத்தான் காட்டுவேன். பம்புக்குக் கிட்டேயே நூற்றுக்கணக்கானோர் தங்கியிருந்த ஏழையர் விடுதி ஒன்றில் மிகச் சிலரே இறந்தார்கள். ஏன் என்று கேட்டுவிட்டு, சொல்லாமல் காத்திருப்பேன். அவர்களுக்குத் தனிக் கிணறு இருந்தது. உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு நேரத்தில் கண்டுபிடிக்கிறாள் என்று.

கேள்வி: ஆறுகள் எல்லாம் தெற்கு நோக்கித்தானே பாயும்?

பதில்: சுவரில் மேப் தொங்குவதால் வருகிற சந்தேகம் இது. நைல் வடக்கே போகிறது, சைபீரியாவின் ஓப், யெனிசெய், லேனாவும் அப்படியே. தண்ணீருக்குத் தெரிந்தது மேடும் பள்ளமும்தான். அடுத்த தடவை மேப்பைத் தரையில் விரித்து வைத்துப் பாருங்கள்.

கேள்வி: நான் படித்தது வேறு பாடம், ஆள் இல்லை என்று புவியியலையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். வகுப்பில் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: சொல்வீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் கடந்தால் தேதி மாறுகிற சர்வதேசத் தேதிக் கோட்டில். கிழக்கே கடந்தால் தேதியில் ஒரு நாள் கூடும் என்று போர்டில் எழுதிவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் போய், அது தப்பு, குறையும் என்று திருத்தினேன். அன்றிலிருந்து மனப்பாடத்தை நம்புவதில்லை, கணக்குப் போட்டுக் காட்டுவேன்: தீர்க்கரேகையில் 15 டிகிரிக்கு ஒரு மணி நேரம், கிழக்கே 180 போனால் 12 மணி நேரம் முன்னே, மேற்கே 180 போனால் 12 மணி நேரம் பின்னே. இரண்டும் வந்து நிற்பது ஒரே கோட்டில், நடுவே 24 மணி நேரம். இதைப் பிள்ளைகளையே போர்டில் போடச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்.