ஃபியூனரல் டைரக்டர் படிப்பில் உடற்கூற்றியல் எவ்வளவு கடினம்? உயிரியல் படிக்காத ஒருவர் சமாளிக்கலாமா?

கேட்டவர் ரொறன்ரோவில் இருக்கிறார். உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு. ஃபியூனரல் டைரக்டர் (இறுதிச்சடங்குகளை ஒழுங்கு செய்து நடத்துபவர்) படிப்பில் சேர யோசிக்கிறார், ஆனால் அதில் வரும் உடற்கூற்றியல் டாக்டர்மார் படிக்கிற அளவுக்கு இருக்குமோ என்று பயம். நானும் யாழ்ப்பாணத்தில் கணக்கியலும் பொருளியலும் படித்துவிட்டு வந்து, இதே ஒன்ராறியோ மாகாணத்தில் இதே படிப்பை முடித்தவள்தான். அதனால் பதில் சொல்லும் தகுதி கொஞ்சம் இருக்கிறது.

சமாளிக்கலாம். ஆனால் டாக்டர் படிப்பைச் சுருக்கித் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு வந்தால் குழம்பிப்போவீர்கள். இங்கே முக்கால்வாசிப் பாடமும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான்: இந்த உடம்பில் ஒரு திரவத்தை எந்த இடத்தில் விட்டால், அது எங்கெல்லாம் போய்ச் சேரும், எங்கே போய்ச் சேராது? மிச்சக் கால்வாசி முகம்.

எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது) என்றால் வயிற்றைத் திறந்து உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது என்று இன்னும் பல பேர் நினைக்கிறார்கள். அது பழைய எகிப்து. இங்கே செய்வது, இரத்தக்குழாய்கள் வழியாக ஃபோர்மல்டிஹைட் கலந்த திரவத்தை மெஷினால் தள்ளி, உள்ளே தங்கியிருக்கும் இரத்தத்தை வெளியேற்றுவது. இதயம் நின்றுவிட்டது, குழாய்கள் அப்படியே இருக்கின்றன. இதயத்தின் வேலையை பம்ப் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் குழாய் எங்கே இருக்கிறது என்பது எங்களுக்கு இவ்வளவு முக்கியம்.

வழக்கமாக முதலில் திறக்கும் இடம் வலது கழுத்து. கரோட்டிட் நாடிக்குள் திரவம் போகும், பக்கத்தில் இருக்கும் உட்கழுத்து நாளத்தால் இரத்தம் வெளியே வரும். (நாடி, நாளம் என்று நான் எழுதுவது தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் தமனி, சிரை.) ஏன் வலது பக்கம்? வலது உட்கழுத்து நாளம் கிட்டத்தட்ட நேர்கோடாக இறங்கி இதயத்தின் வலது மேலறைக்குப் போகிறது. உடம்பு முழுவதிலிருந்தும் இரத்தம் திரும்பி வந்து சேருகிற இடம் அதுதான். இடது பக்கம் என்றால் நெஞ்சைக் குறுக்கே கடந்துதான் அங்கே வர வேண்டும், வடிவது மந்தமாகும்.

திரவம் கரோட்டிட்டுக்குள் இதயத்தை நோக்கிக் கீழே போகிறது. உயிரோடு இருக்கும்போது அந்தக் குழாயில் இரத்தம் ஓடிய திசைக்கு நேர் எதிர். பெருநாடி வளைவை அடைந்ததும் இதயத்துக்குள் போய்விடாதா என்று கேட்கலாம். போகாது. அழுத்தம் வந்தவுடன் பெருநாடி வால்வு மூடிக்கொள்ளும். அந்த வால்வுக்குச் சற்று மேலே தொடங்குகிற முடியுரு நாடிகள் வழியாக இதயத் தசைக்கும் பங்கு கிடைத்துவிடும். மற்றதெல்லாம் கை, தலையின் மறுபக்கம், வயிறு, கால் என்று பிரிந்து போகும். எங்கள் ஆசிரியை இதைப் பலகையில் வரைந்து காட்டிய வகுப்பில்தான் எனக்கு இந்தப் பாடத்தில் ருசி வந்தது. பெயர்களைப் பட்டியலாகப் பாடமாக்கியவர்கள் கடைசி வரை கஷ்டப்பட்டார்கள். வழியாகப் படித்தவர்களுக்குப் பெயர்கள் தானாகவே நின்றன.

பரீட்சையில் ஒவ்வொரு குழாய்க்கும் மூன்று விஷயம் கேட்பார்கள். தோலின் மேல் எந்தக் கற்பனைக் கோட்டில் தேட வேண்டும், எந்தத் தசை அதைக் காட்டிக்கொடுக்கும், குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. கரோட்டிட்டுக்கு, காறையெலும்பும் மார்பெலும்பும் சேரும் மூட்டிலிருந்து காதுச் சோணையின் அடி முன்பக்கம் வரை ஒரு கோடு. தலையை இடது பக்கம் திருப்பிக் கண்ணாடியில் பாருங்கள், வலது கழுத்தில் கயிறு போல ஒரு தசை எழும்பும். அதன் உள்விளிம்புக்குப் பின்னால்தான் நாடி. வலது கரோட்டிட் அந்த மூட்டு மட்டத்தில் தொடங்குகிறது. இடதோ இரண்டாவது விலாக் கசியிழைய (குருத்தெலும்பு) மட்டத்திலேயே தொடங்கிவிடும், ஏனென்றால் அது நேராகப் பெருநாடி வளைவிலிருந்து கிளம்புகிறது. இரண்டும் தைரோய்ட் கசியிழையத்தின் மேல்விளிம்பில் பிரிந்துவிடும். நான் என் கணவரின் கழுத்தில் பேனாவால் கோடு போட்டுத்தான் இதைப் படித்தேன். கோட்டை அழிக்க மறந்து அவர் வேலைக்குப் போனதும் நடந்திருக்கிறது. உங்கள் உடம்பே இலவசமான பாடப்புத்தகம், வெட்கப்படாமல் தொட்டுப் பாருங்கள்.

தொடை மேற்பகுதிக்கு இங்கே ஆங்கிலத்தில் ஒரு சொல்லை வைத்து நினைவில் வைப்பார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. கவட்டுப் பக்கத்தில் வெளியிலிருந்து உள்நோக்கிப் போனால் நரம்பு, நாடி, நாளம். அகராதியிலும் இதே வரிசைதான். பரீட்சை மண்டபத்தில் மேசைக்குக் கீழே விரல் விட்டு எண்ணியது இதைத்தான்.

புத்தகத்தில் நாடி சிவப்பு, நாளம் நீலம், நரம்பு மஞ்சள். இறந்தவரின் உடம்பில் அந்த நிறங்கள் அப்படிப் பளிச்சென்று இருக்காது, துடிப்பும் இருக்காது. விரலால்தான் கண்டுபிடிக்க வேண்டும். நாடி தடித்த சுவர், பால் நிறம், வெட்டினால் வாய் திறந்தபடியே நிற்கும். நாளம் மெல்லியது, உள்ளே இரத்தம் இருப்பதால் நீலம் பாய்ந்திருக்கும், வெட்டினால் சப்பளிந்துபோகும். நரம்புக்குள் ஓட்டையே கிடையாது. இறந்த பிறகு நாடிகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும் என்பதால், பழைய கிரேக்கர்களில் சிலர் அவற்றில் ஓடுவது காற்று என்று நம்பினார்கள். இரத்தம் சுற்றி ஓடுகிறது என்று வில்லியம் ஹார்வி எழுதியது 1628இல். அதற்குப் பிறகுதான், ஒரு குழாயில் விட்டால் உடம்பெல்லாம் போகும் என்ற யோசனைக்கே இடம் வந்தது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் வில்லியம் ஹன்டர் போன்ற உடற்கூற்றியல் ஆசிரியர்கள் நாடி வழியாகத் திரவம் ஏற்றி உடல்களைப் பதப்படுத்தினார்கள். வட அமெரிக்காவில் இது பொதுமக்களிடம் வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில். 1865இல் ஜனாதிபதி லிங்கனின் பதப்படுத்திய உடலை ரயிலில் வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்ட் வரை கொண்டுபோய், வழியெல்லாம் சனம் பார்க்க வைத்தார்கள். இன்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் பின்னேரம் ‘பார்வைக்கு’ வைக்கிறோமே, அந்தப் பழக்கத்தின் வேர் இதில் இருக்கிறது.

சரி, எது கடினம்? எல்லாம் ஒழுங்காக இருக்கிற உடம்பு கடினமில்லை. எங்கள் ஆட்களில் நீரிழிவு அதிகம். நீண்ட காலம் நீரிழிவு இருந்தவரின் கால் நாடிகள் அடைபட்டிருக்கும், கழுத்தில் விட்ட திரவம் பாதத்துக்குப் போகாது. விரல்களின் நிறத்தையும் விறைப்பையும் பார்த்துத்தான் அது தெரியும். அப்போது தொடையில் தனியாகத் திறக்க வேண்டும், கை விரல்களுக்குப் போகவில்லை என்றால் மணிக்கட்டில். பிரேத பரிசோதனை முடிந்து வருகிற உடம்பில் பெருநாடியே வெட்டுப்பட்டிருக்கும், ஒரு இடத்தில் விட்டுப் பயனில்லை. கழுத்தின் இரண்டு பக்கம், இரண்டு கை, இரண்டு கால் என்று ஆறு இடத்தில் தனித்தனியாக ஏற்ற வேண்டும். குழாய் வழி மனதில் இல்லாதவர் அங்கே திணறிப்போவார்.

வயிற்றறைக்கு வேறு முறை. உள்ளுறுப்புகளில் தேங்கியதை நீண்ட ஊசி போன்ற ட்ரோக்கார் என்ற கருவியால் உறிஞ்சுவார்கள். தொப்புளுக்கு 2 அங்குலம் மேலே, 2 அங்குலம் இடது பக்கம் ஒரே ஒரு துளை. உள்ளே ஒன்றும் தெரியாது, எலும்பைத் தொட்டுத்தான் வழி. சிறுநீர்ப்பைக்கு என்றால் முனை இடுப்பெலும்பின் முன்மூட்டில் தட்டும் வரை கொண்டுபோய், கொஞ்சம் பின்னால் இழுத்து, கீழே சரிக்க வேண்டும். வயிற்றை ஒன்பது பிரிவாகப் பிரித்துப் படிக்கச் சொல்லும்போது அலுப்பாக இருக்கும். இதற்காகத்தான் அது.

இனி முகம். எனக்கு இதுதான் மிகக் கடினமாக இருந்தது, இப்போதும் பிடித்த பகுதி இதுதான். முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண்களின் அகலம். மயிர்க்கோட்டிலிருந்து புருவம், புருவத்திலிருந்து மூக்கடி, மூக்கடியிலிருந்து மோவாய், மூன்றும் கிட்டத்தட்டச் சமம். காது, புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடையில் அடங்கும். மெழுகில் காதும் மூக்கும் செய்து காட்டச் சொல்வார்கள். எவருடைய காதையும் உற்றுப் பார்த்திருக்கவே மாட்டோம் என்று அப்போதுதான் புரியும்.

கண்ணை மூடுவது சின்ன வேலை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டு இமையும் நடுவில் சந்திப்பதில்லை. மேலிமை மூன்றில் இரண்டு பங்கை மூடுகிறது, கோடு கீழ்ப்பங்கில் விழ வேண்டும். நடுவில் விழுந்தால் வந்து பார்க்கிற மகளுக்கு ‘அப்பா மாதிரி இல்லையே’ என்று தோன்றும், ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாது. வாயும் அப்படித்தான். சொந்தப் பற்கள் இருந்தால், உதடுகள் சேரும் கோடு மேல் முன்பற்களின் கீழ்விளிம்பை ஒட்டி வரும். பல்லுச்செட்டை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்திருந்தால் கன்னம் உள்ளே போய்விடும், வாயைச் சுற்றியுள்ள வளையத் தசை சுருங்கிக் கிடக்கும். அதை நிரப்பி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குடும்பத்திடம் நல்ல படம் கேளுங்கள், ஆனால் கல்யாணப் படத்தைத் தருவார்கள், நாற்பது வயது குறைவாக இருக்கும்.

வாயை உள்பக்கமாகத் தைத்துத்தான் மூடுவோம். எங்கள் கிரியையில் வாய்க்கரிசி இருப்பதால், அரிசியை உதட்டின் மேல் வைத்தால் போதும் என்று குடும்பத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால் யாராவது பெரியவர் விரலால் வாயைத் திறக்கப் பார்ப்பார். இது பாடத்தில் வராது, தமிழர் ஒருவர் இந்தத் தொழிலில் இருந்தால்தான் தெரியும்.

டாக்டர்மார் மாதக்கணக்கில் படிக்கும் மூளையின் உட்பகுதிகள், நரம்புப் பாதைகள், ஹோர்மோன்கள் எல்லாம் எங்களுக்கு மேலோட்டமாகத்தான். நுண்ணுயிரியலும் வேதியியலும் கொஞ்சம் வரும். அவை வேறு பதிலுக்கு.

உண்மையான உடம்பைத் தொடுவது எப்போது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் வகுப்பில் ஆரம்பத்தில் பிளாஸ்டிக் மாதிரியும் படங்களும்தான், பிறகு எம்பாமிங் லாப். பயம் முதல் நாளோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். ஆனால் கையில் வேலை வந்துவிட்டால் மனம் குழாயைத் தேடுவதில் போய்விடும். மணம்தான் வீடு வரை கூட வரும். ஃபோர்மல்டிஹைட் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள், ஆகவே பயிற்சிக்கு ஒரு இடம் தெரிவு செய்யும்போது சம்பளத்துக்கு முன் காற்றோட்டம் எப்படி என்று கேளுங்கள்.

இதையெல்லாம் வாசித்து வயிற்றைக் குமட்டினால், ஒன்ராறியோவில் இன்னொரு வழியும் இருக்கிறது. எம்பாமிங்கோடு சேர்ந்தது முதலாம் வகுப்பு உரிமம். இரண்டாம் வகுப்பு உரிமத்தில் எம்பாமிங் செய்ய முடியாது, மற்ற வேலைகள் செய்யலாம். குடும்பத்தோடு கதைப்பது, பத்திரங்கள், கிரியை ஒழுங்குகள் எல்லாம் அதில் அடங்கும். எங்கள் இடத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். கரோட்டிட் பற்றிக் கேட்டால் சிரித்துக்கொண்டு என்னைக் கைகாட்டுவார். ஐயரை எத்தனை மணிக்கு வரச் சொன்னால் அவர் சரியான நேரத்துக்கு வந்து சேருவார், தகனத்தில் பொத்தானை அமத்த மூத்த மகன் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதெல்லாம் என்னைவிட அவருக்குத்தான் தெரியும்.