எக்ஸ்பிக்கு எப்போது பெரிய கும்பிடு போடுவது?

கேள்வி: அண்ணா, காவேரிப்பட்டணம், சந்தூர், பர்கூர் பக்கம் மாங்காய் மண்டிக்கும் எடை மேடைக்கும் பில் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். மொத்தம் 23 இடம். அதில் 6 இடத்தில் விண்டோஸ் 7, 2 எடை மேடையில் இன்னும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. இந்த எட்டு இடத்துக்காகவே புது டூலுக்கு மாற முடியாமல் கிடக்கிறேன். "இனி பழசுக்குச் செய்ய மாட்டேன்" என்றால் "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு மாத்தணும்?" என்கிறார்கள். எப்போது நிறுத்துவது?
- பெயர் போட வேண்டாம் என்ற வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: அவர்கள் சொல்வதில் பொய் இல்லை தம்பி, அது நல்லாத்தான் ஓடுகிறது, அதற்குப் பின்னால் நீங்கள் ஓடுகிற ஓட்டம்தான் மண்டிக்காரர் கண்ணில் படுவதில்லை.

மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியைக் கைவிட்டது 2014 ஏப்ரல் 8. விண்டோஸ் 7-ஐ 2020 ஜனவரி 14. அந்தத் தேதிகளைப் பிடித்துக்கொண்டு நீங்களும் நிறுத்தினால், விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் கெடு முடிந்துவிட்டது, உங்கள் 23-ல் எத்தனை மிஞ்சும் என்று எண்ணிப் பாருங்கள். அது மைக்ரோசாஃப்ட் கணக்கு. நம்மைக் கட்டிப்போடுவது நாம் சாஃப்ட்வேர் எழுதப் பயன்படுத்துகிற டூல்தான். பைத்தான் 3.8-க்கு மேல் விண்டோஸ் 7-ல் ஏறாது. டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸ் 7 வரை வரும், எக்ஸ்பியோ 2010-ல் வந்த 4.0 வரிசையோடு நின்றுபோனது. அந்த இரண்டு எடை மேடைக்காக நீங்கள் 2010-ஆம் வருடத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஒன்று கேட்கிறேன். எக்ஸ்பி ஓடுகிற ஒரு மெஷின், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு, உங்கள் வீட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் எக்ஸ்பியை ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள், அவர்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்காமல் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு சாமி மேல் பாரத்தைப் போடுவதற்கு சப்போர்ட் என்று பெயர் இல்லை.

நானும் அந்த வேலையைச் செய்தவன்தான். ஒரு ஜூன் மாதம், பெங்களூரா மாங்காய் லோடு கூழ் கம்பெனிக்குப் போகிற சமயம், ஓர் எடை மேடையிலிருந்து போன். சீட்டில் தேதி 2003 என்று விழுகிறது, சாஃப்ட்வேர் கெட்டுப்போச்சு, உடனே வா என்றார்கள். வெளியே லாரி வரிசை, உள்ளே ஊதுபத்திச் சாம்பலும் செம்மண் தூசியும் படிந்த சிபியு. இரண்டு மணி நேரம் நான் எழுதிய புரோகிராமையே வரி வரியாகப் பார்த்தேன். கடைசியில் மதர்போர்டில் இருக்கிற காசு அளவு பேட்டரி செத்திருந்தது. கரன்ட் போய் வந்ததும் கடிகாரம் பின்னால் போய்விட்டது, அவ்வளவுதான். அன்றைக்கு ராத்திரி நோட்டில் எழுதிப் பார்த்தால், அந்த சீசனில் மற்ற எல்லா இடத்துக்கும் போனதைவிட அந்த ஓர் இடத்துக்கே அதிகம் போயிருக்கிறேன். நீங்களும் ஒரு சீசன் அப்படி எழுதுங்கள், யாரை நிறுத்துவது என்று நோட்டே காட்டிக்கொடுக்கும்.

ஆனால் எல்லோரும் நினைக்கிற மாதிரி முதலில் எக்ஸ்பி, அப்புறம் விண்டோஸ் 7 என்று போகாதீர்கள். எடை மேடை எக்ஸ்பிக்கு நெட் கிடையாது. எடை காட்டும் டிஸ்ப்ளேயிலிருந்து 9 பின் சீரியல் கேபிள் நேராக அதில் வந்து சொருகியிருக்கிறது, புது கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அந்தத் துளையே இல்லை. அது பாட்டுக்கு எடை அடித்துக்கொண்டு இருக்கட்டும். பயப்பட வேண்டியது நெட்டில் இருக்கிற விண்டோஸ் 7. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் வந்தபோது, கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் பேட்ச், அதாவது ஓட்டையை அடைக்கிற அப்டேட், கொடுத்தது. ஆனாலும் பெரும்பாலும் மாட்டியது பேட்ச் போடாத விண்டோஸ் 7 மெஷின்கள்தான், அதற்கு அப்போது சப்போர்ட்டே முடியவில்லை! அதனால் அந்த 6 இடம் முதலில்.

எக்ஸ்பி இரண்டுக்கும் கடைசி வெர்ஷன் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். வரி விகிதம் புரோகிராமுக்குள் இல்லாமல், அவர்களே மாற்றிக்கொள்கிற டேபிளில் இருக்கட்டும். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி மாறியபோது புரோகிராமுக்குள் எழுதி வைத்தவர்கள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்ஸ்டாலரை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றை அவர்கள் கல்லாவிலேயே வைத்துவிடுங்கள். புது வசதி வராது, ரிப்பேருக்கு வருவேன், வருகிற கூலி தனி என்று பேப்பரில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது அடுத்த சீசனில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஏப்ரலில் போய்ச் சொன்னால் திட்டு விழும். ஆடி கழித்துச் சொல்லுங்கள், பணம் கையில் இருக்கும், லாரியும் நிற்காது. கெடு பொங்கல் வரை.

கேள்வி: அரூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் சார். விண்டோஸ் 7-ல் குரோம் அப்டேட் ஆகவில்லை, சில சைட் திறப்பதே இல்லை. கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டுமா?
- ஒரு வாசகி, அரூர்

பதில்: குரோம் 109-தான் விண்டோஸ் 7-க்குக் கடைசி, 2023-லேயே நின்றுவிட்டது. எத்தனை தடவை அமுக்கினாலும் அப்டேட் வராதும்மா. 4 ஜிபி ரேம் இருந்தால் எஸ்எஸ்டி என்கிற வேகமான டிஸ்க் ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்றிப் பாருங்கள், ஆனால் உங்கள் பிரிண்டர் அதில் ஓடுகிறதா என்று முதலில் பென் டிரைவிலிருந்தே பூட் செய்து ஒரு பக்கம் அடித்துப் பார்த்துவிடுங்கள். ஓடவில்லையென்றால் பழையதை நெட் வயரைப் பிடுங்கி பிரின்ட் எடுக்க மட்டும் வைத்துக்கொண்டு, நெட்டுக்கு வேறொன்று வாங்குங்கள். அதற்கு முன், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்து கிடக்கிற ஊரார் ஆதார் காப்பிகளை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.